விழுந்த நேரமும் கத்தி வைத்த நேரமும்



அறுவை சிகிச்சைக்கு உகந்த நேரம் எது என்பது பரந்த தலைப்பு. விதை முறுக்கிக்கொண்டு வரும் பையனுக்கு ஆறு மணி நேரத்துக்குள் கத்தி வைத்தாக வேண்டும் என்பதில் இங்கே இரண்டு கருத்து இராது. சிக்கலில்லாத குடல்வால் அழற்சிக்கு அந்த அவசரம் வேண்டாம். 2023இல் வெளிவந்த பின்லாந்து, நார்வே ஆய்வில், 8 மணி நேரக் கெடுவுக்கும் 24 மணி நேரக் கெடுவுக்கும் குடல்வால் வெடிப்பதில் பெரிய வேறுபாடு தென்படவில்லை. இவற்றை இந்தக் கருத்தரங்கின் அமர்வுகளுக்கு விட்டுவிட்டு, குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பின் கழுத்து முறிந்த பாட்டியைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அவர் இல்லாத எலும்பு வார்டு ஏது?

கனடாவின் ஒன்டாரியோவில் 42,230 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2017இல் வந்த கட்டுரை, 24 மணி நேரத்தைத் தாண்டினால் 30 நாளுக்குள் இறப்பவர்கள் கூடுகிறார்கள் என்றது. இதில் ஒரு சிக்கல் உண்டு. தாமதமானதால் இறந்தாரா, உடல்நிலை முன்பே மோசமாக இருந்ததால் தாமதமானதா? பழைய கேஸ் ஷீட்டைப் புரட்டி இதற்கு முழு விடை காண முடியாது. அதனால்தான் 17 நாடுகளில் 2,970 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து 'ஹிப் அட்டாக்' ஆய்வு நடந்தது. இந்தியாவும் அதில் பங்கேற்றது. முறிவு உறுதியானதிலிருந்து ஒரு பிரிவுக்கு ஏறத்தாழ 6 மணி நேரத்தில் அறுவை, வழக்கமான பராமரிப்பில் இருந்த மற்றதற்கு 24 மணி நேரத்தில். 90 நாளில் இறந்தவர்கள் 9 சதவீதம், 10 சதவீதம். 2020இல் முடிவு வந்ததும், "பார்த்தீர்களா, அவசரமே இல்லை" என்று சிலர் நிம்மதியடைந்தார்கள்.

எனக்கு அந்த நிம்மதி இல்லை. அங்கே 'வழக்கமான' பிரிவே 24 மணி நேரம். நம்முடைய வழக்கம் என்ன? சனிக்கிழமை மாலை வந்த பாட்டிக்குத் திங்கட்கிழமைதான் எக்கோ. செவ்வாய்க்கிழமை சோடியம் குறைவு என்று ரிப்போர்ட். புதன்கிழமை ஃபிட்னஸ் கிடைக்கும்போது அந்த யூனிட்டுக்குத் தியேட்டர் நாள் முடிந்திருக்கும். துபாயிலிருந்து மகன் வரட்டும் என்பார் மருமகன். இதற்குள் பாட்டிக்குக் குதிகாலிலும் முதுகின் அடியிலும் புண் வைத்துவிடும். ராத்திரியில் பெற்ற மகளையே யாரென்று கேட்பார். சீக்கிரம் அறுவை செய்துகொண்டவர்களுக்கு இந்தக் குழப்பம் குறைவு, சிறுநீர்த் தொற்றும் குறைவு, சீக்கிரம் எழுந்து நின்றார்கள் என்பதும் அதே ஆய்வின் முடிவுதான். இறப்புக் கணக்கை மட்டும் படித்தவர்கள் இதைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

உடல்நிலைக்காகக் காத்திருப்பது வேறு, நம் வசதிக்காகக் காக்கவைப்பது வேறு. இரண்டும் இன்று கேஸ் ஷீட்டில் ஒரே வரியில் 'டிலே' என்று முடிகின்றன. விழுந்த நேரம், வந்த நேரம், ஃபிட்னஸ் கிடைத்த நேரம், கத்தி வைத்த நேரம் என நான்கையும், ஒவ்வொரு இடைவெளிக்கும் காரணத்தையும் எழுத வேண்டும். விழுந்த நேரத்தை வலியுறுத்தக் காரணம் உண்டு: புத்தூர்க் கட்டுப் போட்டுப் பத்து நாள் கழித்து வருகிறவர், நம் அட்மிஷன் நேரத்தை வைத்துப் பார்த்தால் புதிய நோயாளி!

முதல் அமர்வு மயக்கவியலாருக்கு. எக்கோ யாருக்குக் கட்டாயம், யாருக்கு அது இல்லாமலே தியேட்டருக்கு அனுப்பலாம் என்பதை அவர்கள் சொல்லட்டும். கேட்டுவிட்டு விவாதத்துக்குப் போவோம்.