கால்வாய் நகரம் ஒன்று சமைப்போம்



இல்லாத ஊர் ஒன்றை, மக்கள் வாழும் ஊர்போலவே கற்பனையில் சமைப்பது எப்படி என்பது பற்றி இன்று சிறிது பேச விரும்புகிறோம்.

பாத்திரமேற்று ஆடும் கற்பனை விளையாட்டு என ஒன்று உண்டு. 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' வாயிலாக இது உலகெங்கும் பரவிற்று. ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் வீரனாகவோ வணிகனாகவோ மந்திரவாதியாகவோ நின்று, தாம் செய்ய நினைப்பதைக் கூறுவர். அது கைகூடுமா என்பதைப் பகடை சொல்லும். டில்லியில் நம் இல்லத்தில் ஞாயிறுதோறும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் ஐவர் கூடி இதனை ஆடுகின்றனர். ஆட்டம் தமிழில் நடைபெற வேண்டும் என்பது நாம் விதித்த ஒரே நிபந்தனை. இடத்துக்கு வாடகை அதுதான் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

ஒரு நாள் அவர்கள் கால்வாய் நகரம் ஒன்றை வரைந்து வந்தனர். படம் அழகாகவே இருந்தது. ஆயினும், நீலக் கோடுகளை அழித்துவிட்டுத் தார்ச்சாலை போட்டாலும் அந்நகரின் வாழ்வில் எதுவும் மாறாது; தண்ணீர் அங்கே வெறும் சாயம். "இவ்வூரார் எதைக் குடிக்கிறார்கள்?" என்று கேட்டோம். "கால்வாய் நீரைத்தான்" என்றான் ஒருவன். கடலோரத்து ஊராயிற்றே, உப்புக் கரிக்காதா? விடையில்லை.

ஆகவே வெனிஸ் நகரைத் துணைக்கு அழைத்தோம். காயலின் நடுவே, நூற்றுக்கு மேற்பட்ட சிறு தீவுகளில், சேற்றில் அறைந்த மரக்கழிகளின்மேல் எழுந்த நகரம் அது. காற்றுப் படாத சேற்றில் மரம் எளிதில் மக்குவதில்லை. எத்திசையும் நீர் சூழ்ந்த அந்த ஊருக்குக் குடிநீர் தந்தது மழையே. சதுக்கத்தை ஆழத் தோண்டி, களிமண் பூசி, மணல் நிரப்பி, நடுவே செங்கற் கிணறு எழுப்பினர். தரையில் விழுந்த மழைநீர் மணலில் வடிந்து கிணற்றை அடைந்தது. கிணற்று மூடிக்குப் பூட்டு உண்டு; சாவி பகுதித் தலைவரிடம் இருக்கும். மணியடித்தால்தான் மூடி திறக்கும். மழை பொய்த்தால் பிரெந்தா ஆற்றுநீர் படகில் வரும். 1884இல் குழாய்நீர் வரும்வரை இதுவே ஏற்பாடு.

பூட்டிய கிணறு என்றதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தனர். டில்லிக் கோடையில் தண்ணீர் லாரிக்குக் குடத்துடன் காத்து நின்ற சிறுமி ஒருத்தி அக்குழுவில் உண்டு. "சாவி வைத்திருப்பவரே இந்த ஊருக்கு ராஜா" என்றாள் அவள். அரண்மனையை எங்கே வரைவது என்று அதுவரை நடந்த வாக்குவாதம் அத்துடன் ஓய்ந்தது.

அடுத்தது கடலின் ஏற்ற இறக்கம். அதனை எப்படிச் சொல்வது? கோப்புகளை மொழிபெயர்த்தே காலம் கழிக்கும் நாமும் சற்றுத் தயங்கி, பிறகு 'ஓதம்' என்ற பழஞ்சொல்லைக் கண்டெடுத்தோம். ஓதம் ஏறினால் உயரமான படகு பாலத்தடியில் நுழையாது. வடிந்தால் சிறு கால்வாயில் சேறு தட்டும். கழிவை அடித்துச் செல்வதும் அதுவே. கள்வன் தப்பியோடும் நேரத்தைக்கூட ஓதம் முடிவு செய்யும். இனி, ஆறுகள் கொணரும் வண்டல் காயலைத் தூர்த்துவிடும் என்றஞ்சி, வெனிஸ் அரசு பிரெந்தா, பியாவே முதலிய ஆறுகளையே வேறு வழியில் கடலுக்குத் திருப்பிவிட்டது. 'தூர் வாருதல்' என்னும் சொல்லை ஒரு சிறுவன் தஞ்சையிலுள்ள தன் பாட்டியிடம் தொலைபேசியில் கேட்டு வந்தான். பாட்டி அரைமணி நேரம் பேசினாராம்.

தீயையும் மறக்கலாகாது. வீடுகள் நெருங்கிய ஊரில் உலைக்களம் ஆபத்தானது என்று 1291இல் கண்ணாடி உலைகளை முரானோ தீவுக்கு மாற்றினர். நம் நகரிலும் கொல்லருக்கு ஒரு தீவு கிடைத்தது. அவர்களுக்கு அதில் மனக்கசப்பும் உண்டு.

1966 நவம்பர் 4ஆம் நாள் வெனிஸில் ஓதம் 194 சென்டிமீட்டர் உயர்ந்தது. காயலின் வாயில்களை அடைக்கும் இரும்புக் கதவுகள் 2020இல்தான் முதன்முறையாகப் புயலோதத்தைத் தடுத்தன. பிள்ளைகளின் நகருக்கு அத்தகைய கதவுகள் இல்லை. வேண்டாம் என்று அவர்களே முடிவு செய்தனர்.

சென்ற ஞாயிறன்று புயல் அடித்துக் கடல்நீர் சதுக்கத்தில் ஏறியது. கிணறு உப்பாகிவிட்டது என்று கூறி, மூடியைத் திறக்க மறுத்தார் சாவிக்காரர். அவர் சொல்வது மெய்யா, நீரை ஒளித்துவைத்து விற்க எண்ணுகிறாரா? இரவோடிரவாகப் படகிற் சென்று ஒரு வாளி நீர் மொண்டு சுவைத்துப் பார்ப்பதென்று ஐவரும் துணிந்தனர். பகடை கைவிட்டது. ஏறிய ஓதத்தில் படகு பாலத்தடியில் சிக்கிக்கொண்டது. அப்போது ஒன்பது மணி, மறுநாள் பள்ளி. அடுத்த ஞாயிறுவரை படகு அங்கேதான் நிற்கும்.