பரிணாமப் பாடமும் நம் பிள்ளைகளும்

(ஜமாஅத் கல்விக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் சுருக்கம்)



தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் ‘உயிரின் தோற்றமும் பரிணாமமும்’ என்றொரு பாடம் உள்ளது. “இதைத் தேர்வில் எழுதினால் ஈமானுக்குக் குறை வருமா, ஹஜ்ரத்?” என்று பிள்ளைகள் நம்மிடம் கேட்கின்றனர். “மதிப்பெண்ணுக்காக எழுதிவிடு, மனத்தில் ஏற்காதே” என்றே முன்பு விடையளித்து வந்தோம். அது பிழையென இன்று உணர்கிறோம். கை ஒன்றை எழுத, உள்ளம் வேறொன்றை மறைக்கும் பழக்கத்தை நாமே கற்பிக்கலாகாது.

மதரஸாவில் ஓதிய நாள்களில் நாம் இப்பாடத்தைப் படித்ததில்லை. பின்னரே தேடிப் படித்தோம். ஒரு கிருமிக் கூட்டத்தில் மருந்தைத் தாங்கவல்ல சில இருப்பின், மற்றவை மடிய அவையே எஞ்சிப் பெருகுகின்றன. நாளடைவில் அம்மருந்து பயனற்றுப்போகிறது. இயற்கைத் தேர்வு என்பது இதுவே. காசநோய் மருந்தை இடையில் நிறுத்தக் கூடாது என்று மருத்துவர் வற்புறுத்துவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. நம் பிள்ளை மருத்துவராக வேண்டுமென துஆச் செய்துவிட்டு, இப்பாடத்தை வெறுக்கச் சொல்வது தகுமா?

டார்வினின் நூல் 1859இல் வெளிவந்தது. திரிப்போலி நகரத்து ஆலிம் ஹுசைன் அல்ஜிஸ்ர் அவர்கள் 1888இல் வெளியிட்ட ‘அர்ரிஸாலத்துல் ஹமீதிய்யா’வில் இதனை ஆராய்ந்தார்கள். அக்கொள்கைக்கு உறுதியான சான்று கிட்டவில்லை என்றே கருதினார்கள். எனினும், ஐயத்திற்கிடமற்ற சான்று கிட்டுமாயின், வசனங்களுக்கு அதனோடு பொருந்தப் பொருள் கொள்ள இயலும் என்றும், எவ்வழியிலாயினும் படைப்பவன் அல்லாஹ்வே என்றும் விளக்கினார்கள். அவர்கள் அஞ்சவுமில்லை, அவசரப்படவுமில்லை.

ஆதம் (அலை) அவர்களின் படைப்பு நம் அகீதாவைச் சார்ந்தது. அதனை அல்லாஹ்வின் தனிச் செயலாக ஏற்று, ஏனைய உயிர்களின் பரிணாமத்தை ஒப்புக்கொள்ளும் அறிஞர்களும் உளர். முற்றிலும் மறுப்போரும் உளர். இக்கருத்து வேறுபாட்டைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்வோம். ஜோர்டான் ஹாஷிமிய்யா பல்கலைக்கழகத்தில் முஸ்லிம் மாணவர்களுக்குப் பரிணாமத்தைக் கற்பிக்கும் பேராசிரியை ரனா தஜானி அவர்களும், வினவவும் வாதிடவும் இடமளித்தே கற்பிக்கிறார்கள்.

பெற்றோர்களே! பாடத்தை முழுமையாகப் படிக்கச் சொல்லுங்கள். ஆசிரியரை இகழ விடாதீர்கள். ஐயம் எழுந்தால் மஃரிபுக்குப் பின் நம்மிடம் அனுப்புங்கள். பாடப்புத்தகத்தையும் உடன் கொண்டுவரட்டும். தெரிந்ததைச் சொல்வோம், தெரியாததை அவர்களோடு சேர்ந்து படிப்போம்.

வல்ல அல்லாஹ் நம் மக்களுக்குப் பயனுள்ள கல்வியையும் உறுதியான ஈமானையும் ஒருங்கே அருள்வானாக! ஆமீன்.