கார்ன்வாலிசின் காலடியில்

(சேர்வராயன் மலை, தலைச்சோலையில் ஆற்றிய உரை)



காப்பித் தோட்டத்துக் கூலியைப் பற்றியும் பட்டாவைப் பற்றியும் பேசவேண்டிய மேடையில், கடல் கடந்த ரோமாபுரியின் கல்லறையைப் பற்றிப் பேசத் தொடங்குகிறானே என்று உங்களில் சிலர் முணுமுணுக்கக் கூடும். சற்றுப் பொறுத்தருள்க. ரோமாபுரியிலிருந்து சென்னைக் கோட்டைக்கும், கோட்டையிலிருந்து இந்த மலைக்குமே வந்து சேருவேன்.

பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பரோக் எனும் சிற்பப் பாணி செழித்தோங்கிற்று. அமைதியாக நிற்கும் உருவம் அதற்குப் போதாது. ஆடை பறக்கவேண்டும், தசை முறுக்கேற வேண்டும், காண்பவர் திகைக்கவேண்டும். அப்பாணியின் தலைமகன் பெர்னினி. புனித பேதுரு பேராலயத்தினுள் போப் ஏழாம் அலெக்சாந்தருக்கு அவர் அமைத்த நினைவுச்சின்னம் 1678இல் நிறைவெய்தியது. உச்சியில் போப் முழந்தாளிட்டுத் தொழுகிறார். உண்மை, நீதி முதலான பண்புகள் பெண்ணுருக் கொண்டு சூழ நிற்கின்றன. அவற்றின் கீழே செந்நிறக் கல்லில் செதுக்கிய பெருந்திரை. அத்திரையை விலக்கிக்கொண்டு, பொன் பூசிய வெண்கல எலும்புக்கூடு ஒன்று வெளிப்பட்டு, கையிலுள்ள மணற்கடிகாரத்தை உயர்த்திக் காட்டுகிறது! சமயத் தலைவர்களின் ஆடம்பரத்தில் நமக்கு மோகம் ஏதுமில்லை. ஆயினும், போப்பாண்டவரின் சின்னத்திலேயே ‘உமது நாழிகையும் முடியும்’ என்று கல்லாலும் வெண்கலத்தாலும் சொல்லிவைத்த அந்தச் சிற்பியை மெச்சாதிருக்க இயலவில்லை.

அதே நூற்றாண்டு, பீடத்தடியில் வேறொன்றையும் வைத்தது. இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்தில் பெர்டினாண்டோ என்ற கோமகனின் சிலை நிற்கிறது. அதன் பீடத்து நான்கு மூலைகளிலும், சங்கிலியால் பிணிக்கப்பட்ட மூர் இனத்தவர் நால்வரை வெண்கலத்தில் வடித்தார் பியேத்ரோ தாக்கா. மேலே வென்றவன், கீழே கட்டுண்டவன்.

ஆக, பீடத்தடியில் சாவையும் வைக்கலாம், சிறைப்பட்டவனையும் வைக்கலாம். கிழக்கிந்தியக் கம்பெனியார் எதைத் தேர்ந்தெடுத்தனர்?

சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக்குச் செல்லுங்கள். 1795இல் கட்டி முடிக்கப்பட்டு, வணிகர் கூடிப் பேரம் பேசிய மாளிகை இன்று கோட்டை அருங்காட்சியகமாக இருக்கிறது. அதனுள் நிற்கிறது கார்ன்வாலிஸ் பிரபுவின் சலவைக்கற் சிலை. இலண்டனில் தாமஸ் பாங்க்ஸ் செதுக்கியது. கப்பலேறி வந்து 1800இல் கோட்டை மைதானத்தில் நாட்டப்பட்டது, பின்னர் இடம் மாறி இங்கு வந்தது. சென்னைப் பிரமுகர்களும் கம்பெனியின் சிவில், இராணுவ ஊழியர்களும் சேர்ந்து செலவை ஏற்றனர். அதற்குள் பரோக் பாணி வழக்கொழிந்துவிட்டது. கிரேக்க, ரோமானிய அமைதியே நாகரிகமாகிவிட்டது. பறக்கும் ஆடை போயிற்று, எலும்புக்கூடும் போயிற்று. காலடியில் தோற்றவனை வைக்கும் வழக்கம் மட்டும் போகவில்லை. கார்ன்வாலிசின் பீடத்தில் புடைப்புச் சிற்பமாக இருப்போர் யார்? திப்பு சுல்தானின் மைந்தர் இருவர். பிணையாக ஒப்படைக்கப்படும் பாலகர்!

1792ஆம் ஆண்டு. சீரங்கப்பட்டணத்து உடன்படிக்கை. திப்பு தம் நாட்டில் பாதியை இழந்தார். மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய் தண்டம் கட்ட இசைந்தார். கட்டும்வரை பிள்ளைகள் ஈடு. அடகுக் கடையில் அண்டா வைப்பதுபோல, மக்களை வைத்து வாங்கிய வெற்றியைச் சலவைக்கல்லில் பொறித்துப் பெருமை கொண்டனர்! இதே கார்ன்வாலிஸ் 1781இல் அமெரிக்காவின் யார்க்டவுனில் வாஷிங்டன் படையிடம் சரணடைந்தவர். அன்று உடல்நலமில்லை என்று சொல்லி, வாளை ஒப்படைக்க ஓஹாரா எனும் துணைத் தளபதியை அனுப்பிவிட்டுத் தாம் வராதிருந்துவிட்டார். அந்தக் காட்சியைப் பீடத்தில் செதுக்குமாறு எவரும் கேட்கவில்லை போலும்!

பிள்ளைகள் 1794இல் தந்தையிடம் திரும்பினர். திரும்பாதது எது தெரியுமா, தோழர்களே? நீங்கள் நிற்கும் இந்த மண். அந்த உடன்படிக்கையினால் கம்பெனிக்குக் கைமாறியவற்றில் பாரமகாலும் சேலமும் அடக்கம். பாலகரைச் செதுக்கிய சிற்பியின் உளிக்கு, சேர்வராயன் மலை தென்படவில்லை. திப்புவும் மன்னரே, அவர் காலத்திலும் உழுதவன் வரி கட்டினான், அதை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் பின்னால் வந்தது வெறும் வரி மாற்றம் அன்று. கேப்டன் அலெக்சாண்டர் ரீட் கலெக்டராக வந்து நிலத்தை அளந்தார். அவருக்குத் துணையாயிருந்தவர்களுள் ஒருவர்தாம், இன்று சென்னைத் தீவுத்திடலருகே குதிரைமேல் வீற்றிருக்கும் தாமஸ் மன்றோ. 1820களில் கலெக்டர் காக்பர்ன் காப்பிச் செடியைக் கொணர்ந்தார். வெள்ளையர் தோட்டங்கள் பெருகின. 1882இல் சென்னை வனச் சட்டம் வந்தது. சாமையும் தினையும் விதைத்த மலையாளிப் பழங்குடி மக்கள், தம் காட்டுக்குள் காலெடுத்து வைக்கவும் இன்னொருவர் இசைவைத் தேடலாயினர்.

அச்சிலையை உடைத்தெறிய வேண்டாமா என்று இளைஞர் கேட்கின்றனர். நீல் துரையின் சிலை சென்னை மவுண்ட் ரோட்டில் நின்றபோது, 1927இல் தொண்டர்கள் அதை அகற்றக் கோரிச் சிறை புகுந்தனர். 1937இல் அது அருங்காட்சியகத்துக்குள் போயிற்று. வீதியில் நின்று வணக்கம் கேட்ட சிலையை வீதியைவிட்டு விலக்கியது நேர்மையான செயல். கார்ன்வாலிசோ ஏற்கெனவே கூரைக்குள் வந்துவிட்டவர். அவரை உடைத்தால் அந்தப் பாலகர் இருவரும் சேர்ந்து உடைவர். நமக்கெதிராக அவர்களே எழுதிவைத்த வாக்குமூலத்தை நாமே ஏன் கிழிக்கவேண்டும்?

சட்டமன்றம் கூடுவதும் அதே கோட்டைக்குள்தான். மனு கொடுக்கவோ அமைச்சரைக் காணவோ சென்னைக்குப் போகும் தோழர்கள், ஒரு மணி நேரம் ஒதுக்கி அருங்காட்சியகத்துள் நுழையுங்கள். மேலே நிற்பவரின் முகத்தை அண்ணாந்து பார்த்து நேரத்தைக் கழிக்கவேண்டாம். குனிந்து பீடத்தைப் பாருங்கள். உடன் வரும் பிள்ளைகளுக்கு அந்தச் சிறுவர்களைக் காட்டி, சேலமும் இந்த மலையும் அன்றைக்கே கைமாறின என்று சொல்லுங்கள். பட்டா மனுவை அதன்பின் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.