கடற்கண்ணிகளும் மேசைமேற் போரும்

போரை விளையாட்டாக ஆடிப்பார்ப்பது மிகப் பழைய வழக்கம். சதுரங்கப் பலகையில் வளர்ந்த அவ்வழக்கம் இன்று கணினித் திரைவரை வந்துள்ளது. கடற்போரைக் கருவாகக் கொண்ட ஆட்டங்களிற் கடற்கண்ணிக்கும் இடமுண்டு. சிலவற்றில், பகைவன் கண்ணியிட்ட பகுதிக்குள் நுழையும் ஒவ்வொரு கப்பலுக்கும் பகடை உருட்டப்படும். குறித்த எண் விழுந்தாற் கப்பல் பலகையை விட்டு நீங்கும். வேறு சிலவற்றில், கண்ணி வாரும் கப்பலை ஏவிவிட்டாற் போதும். ஆபத்து எவ்வளவு குறைந்தது என்பதை எண்களே காட்டிவிடும். ஆட்டக்காரன் அவ்வெண்ணை நம்பி முன்னேறலாம். மெய்ப்போரிற் கிடைக்காத பொருள் அந்த நிச்சயமே.

முதலாம் உலகப் போரில் நிகழ்ந்த ஒன்றை நேயர்கள் எண்ணிப்பார்க்கலாம். 1915ஆம் ஆண்டில் துருக்கியின் தார்தனல்சு நீரிணையைக் கடந்து தலைநகரை அடையப் பிரித்தானியாவும் பிரான்சும் முயன்றன. கண்ணி வாரும் பணி சிறிய மீன்பிடிக் கப்பல்களிடம் விடப்பட்டது. அவற்றை ஓட்டியோருட் பலர் மீனவர். இரண்டு கப்பல்கள் தம்மிடையே உருக்கு வடமொன்றைக் கட்டி இழுத்துச் செல்லும்; கடலடியோடு பிணைக்கப்பட்ட கண்ணியின் கயிறு அதில் அகப்படும். எதிர் நீரோட்டத்தில் அவை ஊர்ந்தே சென்றன. கரையிலிருந்து பீரங்கிகள் சுட்டன. இரவிலோ தேடொளி விளக்குகள் காட்டிக்கொடுத்தன. பீரங்கிகளை அடக்கினாலன்றிக் கண்ணிகளை வார இயலாது. கண்ணிகளை வாரினாலன்றிப் போர்க்கப்பல்கள் நெருங்கிப் பீரங்கிகளை அடக்க இயலாது. இம்முடிச்சைப் பகடை அவிழ்க்குமா?

மார்ச் 8ஆம் நாள் விடியுமுன், 'நுஸ்ரத்' என்னும் சிறு துருக்கிக் கப்பல் 26 கண்ணிகளைக் கரைக்கு இணையாக இட்டுச் சென்றது. பகைக் கப்பல்கள் எவ்விடத்தில் வளைந்து திரும்புகின்றன என்பதைத் துருக்கியர் கவனித்து வைத்திருந்தனர். தாக்க வந்தோரோ அவ்விடத்திற் கண்ணியில்லை என்றே நம்பினர். மார்ச் 18ஆம் நாள் 'பூவே' என்னும் பிரெஞ்சுப் போர்க்கப்பல் சில நிமிடங்களில் மூழ்கியது. 600இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். 'இரசிஸ்டிபிள்', 'ஓஷன்' என்னும் பிரித்தானியப் போர்க்கப்பல்களும் அழிந்தன. கடற்படை பின்வாங்கியது. அடுத்த மாதம் தரைப்படைகள் கலிப்பொலியில் இறக்கப்பட்டன; அப்போரில் இருதரப்பிலும் இலட்சத்துக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

அதே உலகப் போரின்போது இலங்கைக் கரையும் இவ்வாயுதத்தைக் கண்டது. 1917 பெப்ரவரியில், வணிகக் கப்பல் போல வேடமிட்டு வந்த 'வொல்ஃப்' என்னும் ஜேர்மன் கப்பல் கொழும்புக்கு அப்பாற் கண்ணிகளை இட்டு அகன்றது. சில நாட்களுள் 'வூஸ்டர்ஷயர்', 'பேர்சியஸ்' என்னும் பிரித்தானிய நீராவிக் கப்பல்கள் இரண்டும் அவற்றால் மூழ்கின. அடிபட்டவர் கண்ணுக்குப் பகைவன் தென்படவேயில்லை.

ஆட்டம் முடிந்தாற் காய்கள் பெட்டிக்குள் அடங்கிவிடும். கடலிற் கிடக்கும் கண்ணியோ சமாதான உடன்படிக்கையை அறியாது. 1945இல் இரண்டாம் உலகப் போர் ஓய்ந்த பின்னரும் ஐரோப்பியக் கடல்களிற் கண்ணி வாருவோர் பல ஆண்டுகள் உழைக்க நேர்ந்தது.

இதனால் இவ்வாட்டங்கள் பயனற்றவை என்பதன்று. சிறு செலவிற் பெரும் படையையும் தடுத்து நிறுத்தலாம் என்னும் உண்மையை அவை இளைஞருக்கு உணர்த்துகின்றன. ஆனால், கண்ணிகள் வாரப்பட்டன என்ற சொல்லை மட்டும் நம்பி அவ்வழியே முதலிற் செல்லும் கப்பலிலும் மனிதர் இருக்கின்றனர். பலகையில் ஒரு காயை நகர்த்தும் கை அவர்களையும் ஒருகணம் நினைக்குமாயின், அவ்விளையாட்டு நல்லதொரு பாடமாகிவிடும்.