ஓய்வு பெற்ற கவச வண்டி

போர் முடிந்தபின் போர்க்கருவிகள் என்ன ஆகின்றன? வாளும் வேலும் ஆண்ட காலத்திலே இக்கேள்விக்கு விடை எளிதாயிருந்தது. கொல்லன் உலைக்களத்திலே அவை கொழுவாகவும் மண்வெட்டியாகவும் மாறின. அன்றேல் அரண்மனைச் சுவரிலே தொங்கின. ஆனால், நாலு தொன் நிறையும் நாலு சில்லுகளும் கொண்ட ஓர் உருக்குப் பெட்டியைச் சுவரிலே தொங்கவிட முடியாது. இருபதாம் நூற்றாண்டு செய்து குவித்த கவச வண்டிகளிற் பெரும்பாலானவை உருக்காலைக்குச் சென்றன. சில நூதனசாலைகளிற் புகுந்தன. இன்னுஞ் சில, எவரும் எதிர்பாராத வகையில், சாதாரணக் குடிமக்களின் வீட்டு வளவுகளை வந்தடைந்தன.

பிரித்தானியாவிலே இவ்வழக்கம் வேரூன்றியுள்ளது. படைத்துறை கழித்துவிட்ட வண்டிகளை விலைக்கு வாங்கி, ஓய்வு நேரங்களிலே தம் கையாற் பழுதுபார்த்து, மீண்டும் ஓடச் செய்வதைப் பலர் பொழுதுபோக்காகக் கொண்டுள்ளனர். இது வீண் வேலையா, அன்றி விளையாட்டா என்று கேட்போர் உண்டு. அவ்வேலை எப்படிப்பட்டது என்பதை அறிந்தபின் அக்கேள்விக்கு விடை காணல் நன்று. இதற்கு எடுத்துக்காட்டாக, இவ்வகை வண்டிகளுள் மிகப் பலராலும் விரும்பப்படும் ஒன்றை நோக்குவோம். அதன் பெயர் பெரற்.

பெரற் என்பது கீரியை ஒத்த ஒரு சிறு விலங்கு. முயல் வளையினுள்ளே நுழைந்து முயலை வெளியே விரட்டுவதற்கு ஆங்கிலேயர் அதனைப் பழக்குவர். ஒளிந்திருக்கும் பகைவனைத் தேடி அறியும் வேவு வண்டிக்கு இப்பெயர் பொருத்தமானதே. கொவென்றி நகரத்து டெயிம்லர் தொழிற்சாலை 1952 ஆம் ஆண்டு முதல் 1971 ஆம் ஆண்டு வரை 4,409 பெரற் வண்டிகளைச் செய்தது. இரண்டாம் உலகப்போரிலே பெயர்பெற்ற டிங்கோ வண்டியின் வழித்தோன்றல் இது. நீளம் ஏறத்தாழ 3.8 மீற்றர், கவசத் தகட்டின் தடிப்பு 6 முதல் 16 மில்லிமீற்றர் வரை, உள்ளே இருவருக்கே இடம். றோல்ஸ் றொய்ஸ் கம்பனியின் ஆறு சிலிண்டர் பெற்றோல் எஞ்சின் இதனை மணிக்கு 93 கிலோமீற்றர் வேகம் வரை செலுத்தவல்லது. பிரித்தானியப் படையிலே 1991 ஆம் ஆண்டின் வளைகுடாப் போர் வரை இது பணியாற்றியது. நமது நாட்டுக்கும் இது புதியதன்று. 1955 ஆம் ஆண்டிலே இலங்கைத் தரைப்படையின் கவசப் பிரிவு தோன்றியபின் அதன் வண்டிகளுள் பெரற்றும் இடம்பெற்றது.

இத்தகைய வண்டியொன்று லொறியின் முதுகிலே ஏறி ஒருவர் வீட்டு வாயிலுக்கு வந்திறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பல்லாண்டு மழையிலே நனைந்தது, எஞ்சின் இறுகிப்போயிற்று, சிலந்திகள் உள்ளே குடிபுகுந்துள்ளன. ஆர்வம் மிக்க புதியவர் உடனே சுரண்டியை எடுத்துப் பழைய வர்ணத்தை உரிக்கத் தொடங்குவார். அனுபவம் உள்ளவரோ அவ்வாறு செய்யார். அவருடைய முதல் வேலை படித்தல்.

ஆம், கவச வண்டியும் ஒரு நூலே. அதன் ஏடுகள் வர்ணப் படைகள். ஒரு மூலையிலே மெல்லிய உப்புத்தாள் கொண்டு சிறிது சிறிதாகத் தேய்க்கையில், மேலேயுள்ள பச்சைக்குக் கீழே மணல் நிறம் தோன்றலாம். வெப்பமான பாலைநிலத்திலே அவ்வண்டி பணிபுரிந்ததற்கு அது சான்று. வெள்ளை தோன்றினால், 1964 ஆம் ஆண்டிலே சைப்பிரசுக்குச் சென்ற ஐக்கிய நாடுகள் அமைதிப்படை போன்றதொன்றிலே அது சேவை செய்திருக்கக்கூடும். எல்லாவற்றுக்கும் அடியிலே, தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளிற் பூசிய கரும்பச்சை ஒளிந்திருக்கும். பழைய படைத்துறை இலக்கமும், ஏதோ ஒரு படைப்பிரிவின் சின்னமும் மங்கலாகத் தெரியக்கூடும். இவற்றைப் படம்பிடித்து, அளந்து, குறித்துவைத்த பின்னரே மேல்வேலை தொடங்கும். அவசரப்பட்டு உரித்துவிட்டால் அவ்வண்டியின் வரலாறு தூளாகித் தரையிலே விழும். அதனை மறுபடி எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

அடுத்து வருவது எச்சரிக்கை. பகைவனுக்கு அஞ்சிச் செய்த வண்டி இன்று தன்னைத் தொடுபவனுக்கே தீங்கு செய்யக்கூடும். அக்காலத்துப் பிறேக் பட்டைகளிலும் புகைக்குழாய்ச் சுற்றுகளிலும் கல்நார் என்னும் அஸ்பெஸ்ரஸ் இருக்கும். அதன் தூசு நுரையீரலைக் கெடுப்பது. பழைய வர்ணத்திலே ஈயம் கலந்திருக்கும். இரண்டாம் போர்க் காலத்து வண்டிகளின் சில கருவி முகப்புகளில், இருளில் ஒளிர்வதற்காக ரேடியம் பூசப்பட்டது. ஒளி மங்கிய பின்னும் அதன் நச்சுக் கதிர் மங்குவதில்லை. கனத்த உருக்குக் கதவு தாழ்ப்பாள் நழுவி விழுமாயின் விரல்கள் நசுங்கும். மூடிய கூட்டினுள்ளே பெற்றோல் ஆவியும் எஞ்சின் புகையும் தங்கினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே முகமூடியும், கையுறையும், காற்றோட்டமும், துணைக்கு ஓர் ஆளும் இன்றி இவ்வேலையில் இறங்குதல் கூடாது.

இனி உடலை நோக்குவோம். சாதாரண லொறிக்கு அடிச்சட்டம் ஒன்று இருக்கும். உடல் அதன்மேல் அமர்ந்திருக்கும். பெரற்றுக்கு அடிச்சட்டம் இல்லை. தகடுகளை வெல்ட் செய்து அமைத்த கவசக் கூடே எஞ்சினையும் சில்லுகளையும் தாங்குகிறது. கவசத் தகட்டைத் துரு எளிதில் தின்றுவிடாது. ஆயின், வெளியே பொருத்திய மெல்லிய சாமான் பெட்டிகளும் சில்லு மறைப்புகளும் முதலில் உக்கும். அடித்தளத்திலே நீரும் எண்ணெயும் சேர்ந்து சேறாகி நிற்கும். அதனை அள்ளி வெளியேற்றுவதே சில வார வேலை.

எஞ்சின் பின்புறத்திலே நெருக்கமாகப் பொருந்தியுள்ளது. அதனைப் பாரந்தூக்கியினால் மேலே எடுத்துப் பிரிக்கவேண்டும். இங்கே ஒரு நன்மை உண்டு. போருக்குப்பின் பிரித்தானியப் படைத்துறை, நாலு, ஆறு, எட்டு சிலிண்டர்கள் கொண்ட மூவகை எஞ்சின்களை ஒரே குடும்பமாக அமைக்கச் செய்தது. பல உறுப்புகள் மூன்றுக்கும் பொது. பாலைநிலத்தில் ஒரு வண்டி பழுதுற்றால், வேறொரு வகை வண்டியின் உறுப்பைக்கொண்டு அதைச் சீர்செய்யலாம் என்பதே அதன் நோக்கம். போர்க்களத்துக்காகச் செய்த அந்த ஏற்பாடு இன்று வீட்டு வளவிலே வேலை செய்பவருக்குக் கைகொடுக்கிறது. கிறீஸ் பூசி, மெழுகுதாளிற் சுற்றி, இலக்கமிட்டுப் படைக் களஞ்சியங்களில் அடுக்கிய உதிரிப் பாகங்கள், பல்லாண்டுகளுக்குப் பின்னும் புதிதாகவே வெளிவருகின்றன. ஒவ்வொரு திருகாணிக்கும் படமும் இலக்கமும் தரும் பழைய படைத்துறைக் கைந்நூல்களும் கிடைக்கின்றன. இவற்றைப் பொறுமையாகப் படிப்பவன் பாதி வேலையை முடித்தவனாவான்.

வண்டியின் மிக வியப்பான பகுதி அதன் கியர்ப்பெட்டி. இதன் மூலகர்த்தா வால்ரர் கோர்டன் வில்சன். லிங்கன் நகரத்து வில்லியம் ரிற்றனோடு சேர்ந்து, 1915, 1916 ஆம் ஆண்டுகளில் உலகின் முதல் ராங்கிகளை வகுத்தவரும் அவரே. அவருடைய கியர்ப்பெட்டியில், வேண்டிய கியரை ஒரு சிறு நெம்பினால் முன்கூட்டியே தெரிந்து வைக்கலாம். பின்னர், மேடு வந்தபோதோ வளைவு வந்தபோதோ, மிதியை ஒருமுறை முற்றாக அழுத்தி விட்டால் அந்தக் கியர் தானே பொருந்தும். எஞ்சினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் இடையே கிளச் தட்டுக்குப் பதிலாக எண்ணெய் நிரம்பிய சுழற்சில்லு ஒன்று இருப்பதால், வண்டி அதிர்வின்றிப் புறப்படும். டெயிம்லர் கம்பனி 1930 ஆம் ஆண்டிலே இவ்விரண்டையும் தன் கார்களில் இணைத்தது. இலண்டன் நகரத்து இரட்டைத்தட்டு பஸ்களும் இம்முறையைக் கையாண்டன. 1958 ஆம் ஆண்டிலே இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியபின், இலண்டனில் ஓடி ஓய்ந்த அவ்வகை பஸ்கள் பெருந்தொகையாக இங்கு வந்தன. ஆதலால், வயது முதிர்ந்த நேயர்களிற் சிலர், பெரற் வண்டியின் கியர் மாறும் ஓசைக்கு நெருங்கிய ஓசையைக் கொழும்பு வீதிகளிலே தம்மை அறியாமலே கேட்டிருப்பர்.

இந்தக் கியர்ப்பெட்டி நன்கு சீர்செய்யப்படாவிடின் பழிவாங்கும். மிதியை அரைகுறையாக அழுத்தினாலோ, உள்ளேயுள்ள பட்டைகள் தளர்ந்திருந்தாலோ, கியர் சரியாகப் பொருந்தாது. அப்போது வலிய சுருள்வில் ஒன்று மிதியை வழக்கமான நிலைக்கும் மேலாகத் தூக்கி எறியும். காலை அதன்மேல் வைத்திருப்பவர் காயமுறுவர். அம்மிதியை மறுபடி கீழே இறக்க முழு வலிமையும் வேண்டும். எனவே, பழகியவர்கள் புதியவருக்குச் சொல்லும் முதற்பாடம் இதுதான்: மிதித்தால் முற்றாக மிதி, இல்லையேல் தொடாதே.

இன்னொரு நுட்பமும் உண்டு. வளைவிலே திரும்பும்போது ஒரு பக்கத்துச் சில்லு விரைந்தும் மறுபக்கத்துச் சில்லு மெதுவாகவும் சுழலவேண்டும். அதற்கு இடங்கொடுக்கும் பற்சில்லுத் தொகுதி ஒன்றே பெரற்றில் உண்டு. அது வலத்தையும் இடத்தையும் பிரிக்கிறது. ஆனால் ஒரே பக்கத்திலுள்ள முன் சில்லும் பின் சில்லும் தண்டுகளால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டவை. சேற்றிலும் மணலிலும் இது பெரும்பலம். ஒரு சில்லு புதைந்தாலும் மற்றையது இழுக்கும். தார் வீதியிலோ இதுவே பலவீனம். திரும்பும்போது முன் சில்லுகள் அதிக தூரம் ஓடவேண்டும், பிணைப்பு அதற்கு விடாது, தரையும் வழுக்காது. அந்த முரண் தண்டுகளிலே முறுக்காக ஏறிக்கொண்டே போகும். ஒரு சில்லை நடைபாதை விளிம்பிலே ஏற்றி இறக்கியோ, சரளைக் கல்லிலே சிறிது ஓட்டியோ சாரதிகள் அம்முறுக்கை அவிழ்ப்பர். ரயர்களுள் ஒன்று புதியதும் மற்றொன்று தேய்ந்ததுமாயிருந்தால், நேர் வீதியிலும் இத்தொல்லை உண்டாகிப் பற்சில்லுகள் சூடேறிக் கெடும். பணத்தை மிச்சம்பிடிக்க எண்ணி ஒரு ரயரை மாத்திரம் மாற்றுபவர், ஈற்றிலே ரயரின் விலையைவிடப் பன்மடங்கு செலவழிப்பார். பெற்றோலும் அவ்வாறே: 96 லீற்றர் கொள்ளும் தாங்கி ஏறத்தாழ 300 கிலோமீற்றருக்கே போதும்.

சட்டமும் தன் பங்கைக் கேட்கிறது. இயந்திரத் துப்பாக்கியைத் தனியார் வைத்திருக்கப் பிரித்தானியாவின் 1968 ஆம் ஆண்டுச் சுடுகலச் சட்டம் இடந்தருவதில்லை. ஆதலின், மேற்கோபுரத்திலே இருப்பது முறைப்படி செயலிழக்கச் செய்த துப்பாக்கியாகவோ, மரத்தாலும் குழாயாலும் செய்த போலியாகவோ இருக்கும். நாற்பது ஆண்டுக்கு மேற்பட்ட பழைய வண்டிகளுக்கு ஆண்டுச் சோதனையிலிருந்து 2018 ஆம் ஆண்டு முதல் விலக்கு உண்டு. ஆயினும், அரசாங்கம் பார்க்காத பிறேக்கைச் சொந்தக்காரரின் மனச்சாட்சி பார்க்கவேண்டும். நாலு தொன் உருக்குக்கு முன்னே வீதியைக் கடக்கும் குழந்தைக்குச் சட்ட விலக்கு எந்தப் பாதுகாப்பும் தராது.

இவ்வளவும் முடிந்தபின் ஒரு கேள்வி எஞ்சுகிறது. வண்டியை எவ்வளவு புதிதாக்குவது? கீறலும் பள்ளமும் இல்லாது நிரப்பி, பளபளவென்று வர்ணம் பூசிக் கண்காட்சியிலே பரிசு பெறலாம். பலர் அதையே விரும்புவர். இங்கே புறநானூற்றிலே ஒளவையார் கண்ட காட்சி நினைவுக்கு வருகிறது. அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற அவருக்கு, அம்மன்னன் தன் படைக்கலச் சாலையைப் பெருமையோடு காட்டினான். நெய் பூசப்பட்டு, மயிற்பீலி அணிந்து, காவல்மிக்க மனையிலே அவை மின்னின. அதியமானின் வேல்களோ நுனி சிதைந்து கொல்லன் பட்டறையிலே கிடக்கின்றன என்றார் ஒளவையார். புகழ்வதுபோலச் சொன்ன அச்சொல்லிலே, மின்னும் படைக்கலம் போர் காணாத படைக்கலம் என்ற உண்மை பொதிந்திருந்தது.

பழைய வண்டியைச் சீர்செய்பவரும் இதே கேள்வியின் முன்னே நிற்கிறார். துரு நோய், அதை நீக்கவேண்டும். தேய்ந்த பிறேக் ஆபத்து, அதை மாற்றவேண்டும். ஆனால், காலணியால் தேய்ந்த படியும், யாரோ ஒரு சிப்பாய் சலிப்பு மிகுந்த பொழுதிலே கதவின் உட்புறத்திற் கீறிவைத்த பெயரும் நோயல்ல, அவை சாட்சியங்கள். அவற்றை நிரப்பி மறைத்தால் வண்டி அழகாகும். ஆனால் பொய் சொல்லும். அது செல்லாத போருக்கு உரிய சின்னத்தை அதன் நெற்றியிலே தீட்டுதல் அதனினும் பெரிய பொய். ஓடுவதற்கு வேண்டியதைப் புதுப்பித்து, உரைப்பதற்கு வேண்டியதை விட்டுவைப்பதே சிறந்த முறை.

போர் என்பது வீரமுரசும் வெற்றிக்கொடியும் மட்டுமன்று. அது இரண்டு மனிதர் முழங்கால் மடக்கி அமர்ந்திருந்த இருண்ட, வெப்பம் மிகுந்த ஒரு சிறு பெட்டியுமாகும். புத்தகம் எத்தனை பக்கங்களில் எழுதினும் உணர்த்த முடியாத இவ்வுண்மையை, அக்கூட்டினுள் ஒருகணம் இறங்கி நின்ற சிறுவன் உடனே உணர்வான். வெளியே இருந்து பார்க்கையில் அஞ்சத்தக்கதாகத் தோன்றிய வண்டி, உள்ளேயிருந்து பார்க்கையில் எவ்வளவு குறுகலானது, வெளியுலகம் எவ்வளவு சிறிய துவாரத்தினூடே தெரிகிறது என்று அவன் காண்பான்.

அழிப்பதற்கென்று ஆலையிலே செய்த ஒன்றை, அழியாமற் காப்பதற்கென்று வீட்டிலே ஒருவர் பல்லாண்டு உழைக்கிறார். அவ்வுழைப்பு போரைப் போற்றுவதாக இருத்தல் வேண்டியதில்லை. உண்மையை உள்ளபடி காக்கும் வரை, அது நினைவுக்குச் செய்யும் தொண்டாகும். போரை அறிந்த நாடுகளுக்கு அத்தகைய நேர்மையான நினைவு மிகவும் வேண்டப்படுவதொன்று.