பாட்டில்லயும் 40, சிரிஞ்சுலயும் 40



எங்க அத்தைக்கு நாலு வருஷமா காலையும் சாயங்காலமும் நான்தான் இன்சுலின் போட்டு விடுறேன். நர்சம்மா சொல்லிக் கொடுத்ததைத்தான் உங்களுக்கும் சொல்றேன்.

நாம எல்லாரும் ஊசிக்குப் பயப்படுறோம். பயப்பட வேண்டியது அளவுக்கு. இன்சுலின் பாட்டில் ரெண்டு பலத்தில் வருது. ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ளது ஒண்ணு, 100 யூனிட் உள்ளது இன்னொண்ணு. 40க்கு சிவப்பு மூடி சிரிஞ்ச், 100க்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். 100 மருந்தை 40 சிரிஞ்சில் 10 யூனிட் கோடு வரைக்கும் இழுத்தால், உள்ளே போவது 25 யூனிட். இரண்டரை மடங்கு! ஆளைச் சாய்ச்சிடும். 40 மருந்தை 100 சிரிஞ்சில் இழுத்தால் 4 யூனிட்தான் போகும், சுகர் குறையாது. அதனால் ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் ரெண்டிலும் எண்ணைப் படிச்சுப் பாருங்க.

ஊசி போட்டால், டாக்டர் சொன்ன நேரத்துக்குள் சாப்பிட்டாகணும். நூறு நாள் வேலைக்கு நேரமாச்சுன்னு வெறும் வயித்தோட ஓடாதீங்க. விரதம்னா முன்கூட்டியே டாக்டரைக் கேளுங்க.

கை நடுக்கம், குப்புன்னு வியர்வை, படபடப்பு, பேச்சுக் குழறல் வந்தால் சுகர் இறங்குதுன்னு அர்த்தம். உடனே 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில் கரைச்சுக் கொடுங்க. 15 நிமிஷத்தில் தெளியலைன்னா மறுபடியும் கொடுங்க. தெளிஞ்சதும் சாப்பாடு கொடுங்க. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊத்தக் கூடாது, புரையேறிடும். 108ஐக் கூப்பிடுங்க.

பிரிக்காத பாட்டிலை ஃபிரிட்ஜில் வைக்கலாம், ஆனா ஐஸ் வைக்கிற இடத்தில் கூடாது. உறைஞ்ச மருந்து வீண். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில், ஈர மணல் போட்ட பெரிய சட்டிக்குள் சின்ன மண்பானையை வச்சு, பாட்டிலைக் கவரில் கட்டி அதுக்குள் வையுங்க. பிரிச்ச தேதியை பாட்டில் மேல் எழுதுங்க, நாலு வாரத்துக்கு மேல் வேண்டாம். ஒரே இடத்தில் குத்தாம, வயிறு, தொடைன்னு தினமும் இடம் மாத்திப் போடுங்க.

2021லிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் நம்ம வீட்டு வாசலுக்கு வர்றதும் நம்ம குழுப் பெண்கள்தான். சந்தேகம்னா கூச்சப்படாம கேளுங்க.

கடன் பாஸ்புக்கில் ஒரு ரூபாய் மாறினாலும் கண்டுபிடிச்சிடுறோம். அதே கண்ணோட இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் பாட்டிலையும் சிரிஞ்சையும் ஒத்துப் பாருங்க.