இலையுதிர் காலத்துத் தூண்டில்



நம் நாட்டில் குளிர்காலம் என்பது இல்லை. ஆயினும் பால்மரம் மட்டும் ஆண்டுக்கொரு முறை, பிப்ரவரி மாதத்தை ஒட்டி, தன் இலைகளையெல்லாம் உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கிறது. வெள்ளைக்காரத் துரைமார் இதனை 'விண்டரிங்' என்றார்கள்; நம் பாட்டன்மார் இலையுதிர் காலம் என்றார்கள். அந்த நாட்களில் பால் குறையும். பால் குறைந்தால் சம்பளமும் குறையும். அப்போது லயத்துக்குப் பின்னால் மூங்கில் வெட்டும் ஓசை கேட்கும். தூண்டில் தயாராகிறது என்பது அதன் பொருள். பீடோர் வட்டாரத்தில் இன்று பால்மரம் இருந்த இடங்களில் பெரும்பாலும் செம்பனை நிற்கிறது என்றாலும், எஞ்சியிருக்கும் பால்மரங்கள் பழைய வழக்கத்தை விடவில்லை. நம் பள்ளிப் பிள்ளைகளும் விடவில்லை.

நம்மிடம் படித்த மாணவர் ஒருவர் இப்போது அமெரிக்காவின் வடபகுதியில் வேலை செய்கிறார். பனி உருகும் மார்ச் மாதத்தில் ஏரிக்குப் போனதாகவும், அங்கே 'பாஸ்' என்னும் மீனைப் பிடிக்க மூன்று நாள் முயன்று ஒன்றும் கிடைக்காமல் திரும்பியதாகவும் நமக்கு எழுதியிருந்தார். "ஐயா, ஈயக்குட்டையில் கால் மணி நேரத்தில் ஒரு விரால் பிடித்தவன் நான். இங்கே மீனே இல்லையோ?" என்று கேட்டிருந்தார். மீன் இருக்கிறது. அது குளிர்ந்திருக்கிறது. அவருக்கு எழுதிய பதிலையே சற்று விரித்து இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

நம் உடல் வெளியே வெயில் அடித்தாலும் மழை பெய்தாலும் ஏறக்குறைய 37 பாகை வெப்பத்திலேயே இருக்கிறது. மீனுக்கு அந்த ஏற்பாடு கிடையாது. நீர் எவ்வளவு வெப்பமோ அவ்வளவே அதன் உடலும். நீர் பத்துப் பாகை குளிர்ந்தால் அதன் உடலுக்குள் நடக்கும் வேலைகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடும். இதயம் மெல்லத் துடிக்கும். விழுங்கிய இரை செரிக்கப் பல நாள் ஆகும். பசி இல்லாத மீன் எதற்காகத் துரத்த வேண்டும்? ஆகவே அந்நாட்டுப் பாஸ் மீன் குளிர்காலத்தில் ஏரியின் ஆழத்தில் அசையாமல் கிடக்கிறது. ஆழம் ஏன் என்றால், நீர் 4 பாகையில்தான் மிகவும் கனமாக இருக்கும். அதனினும் குளிர்ந்த நீர் மேலே மிதந்து பனிக்கட்டியாகிவிடும். அடியில் அந்த 4 பாகை நீர் தங்கும். மேலே உறைந்த ஏரியில் மீன் பிழைத்திருப்பது இந்த ஒரு விந்தையால்தான்.

பனி உருகிய பிறகு கரையோரத் தாழ்ந்த நீர்தான் முதலில் சூடேறுகிறது. நீர் பத்துப் பாகையைத் தொட்டதும் மீன் ஆழத்திலிருந்து சரிவுகளை நோக்கி வரத் தொடங்குகிறது. பதினைந்துக்கு மேல் போனதும் ஆண்மீன் கரையோரத்தில் வாலால் மண்ணை விசிறிக் கூடு அமைத்து, முட்டைகளுக்குக் காவல் நிற்கும். எனவே அங்கே அனுபவமுள்ளவர்கள் அதிகாலையில் போவதில்லை. வெயில் ஏறட்டும் என்று காத்திருந்து, பிற்பகலில், வெயில் விழும் பக்கத்துக் கரையில், இரையை இழுத்தும் இழுக்காமலும் மெல்ல நகர்த்துவார்கள். நம் மாணவர் இங்கே பழகிய பழக்கத்தில் விடியலில் போய், இரையை விரைவாக இழுத்திருக்கிறார். தோல்வி அங்கேதான்.

இனி நம் குட்டைகளுக்கு வருவோம். பேராக் மாநிலத்தில் ஈயம் தோண்டிய பள்ளங்களில் நீர் நிறைந்து உண்டானவை அவை. 1985 ஆம் ஆண்டு ஈய விலை சரிந்த பிறகு பல லம்பங்கள் மூடப்பட்டன. பள்ளங்கள் மட்டும் நின்றன. நம் குட்டை நீர் எந்நாளும் பத்துப் பாகைக்கு இறங்கப் போவதில்லை. ஆனால் இரண்டு மூன்று பாகை மாற்றமே இங்குள்ள மீனுக்குப் பெரிய செய்தி என்பதை நாம் பிள்ளைகளோடு சேர்ந்துதான் கற்றோம்.

ஓராண்டு ஜனவரியில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களை அழைத்துக்கொண்டு பள்ளிக்கு அருகிலிருந்த குட்டைக்குப் போனோம். ஒரு கண்ணாடிப் போத்தலுக்குக் கல் கட்டி, தக்கையில் தனிக் கயிறு கட்டி, ஆழத்தில் இறக்கித் தக்கையைப் பிடுங்கினால் அந்த ஆழத்து நீர் போத்தலில் நிறையும். மேலே இழுத்து உடனே வெப்பமானியை விடவேண்டும். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நாம் கற்ற மிகப் பயனுள்ள பாடங்களுள் இது ஒன்று, செலவும் இல்லை. காலை ஏழு மணிக்கு மேல்நீர் 26 பாகை காட்டியது. பத்தரை மணிக்கு மணல் கரையோரம் 29. மூன்று ஆள் ஆழத்தில் இரண்டு வேளையும் மாற்றமே இல்லை. எங்களோடு வந்திருந்த ஒரு தாத்தா, அந்நாளில் வெளிக்காட்டு வேலை செய்து ஓய்வு பெற்றவர், வெப்பமானியைப் பார்க்காமலே, "பத்து மணிக்கு மேல வாங்க வாத்தியாரே, இப்ப அது தூங்குது" என்று முன்பே சொல்லியிருந்தார்.

அவரிடம் கற்றது இன்னும் உண்டு. பல நாள் விடாமல் மழை பெய்து இரவுகள் குளிர்ந்தால், மேல்நீர் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்கும்; காற்றுயிர் இல்லாத அடிநீர் மேலே வரும். அடிநீரில் இலைதழை அழுகிக்கிடக்கிறதல்லவா? அன்று விடியலில் மீன்கள் மேற்பரப்பில் வாய் பிளந்து திரியும். பார்ப்பவர்கள் இன்று நல்ல வேட்டை என்று எண்ணுவார்கள். ஒன்றுகூடக் கடிக்காது. மூச்சுக்கே திண்டாடும் உயிர் சோற்றைத் தேடுமா? தாத்தா அதனை, "குட்டை புரண்டு படுத்திருக்கு" என்பார். இரண்டு நாள் விட்டுவிட்டு வெயில் எறித்த பின்பு போவார்.

விரால் மட்டும் இதற்கு விலக்கு. மலாய்க்காரர் 'ஹாருவான்' என்பது இதனைத்தான். அது மேலே வந்து காற்றையே நேராக உறிஞ்சிக்கொள்ளும். குளிர்ந்த காலையில் அது வரும் இடைவெளி நீளும். தாத்தா ஒரு குமிழியைக் கண்டதும் தூண்டில் போடமாட்டார். அடுத்த குமிழி எங்கே எழுகிறது என்று பார்த்து, மீன் எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரிந்துகொண்டு, அதற்கு முன்னால் மண்புழுவையோ சிறு தவளையையோ இறக்கிவிட்டு அசைக்காமல் வைத்திருப்பார். ஒரு வெற்றிலை மெல்லும் நேரம். அவ்வளவுதான் கலை. புதிய பிள்ளைகள் பளபளக்கும் செயற்கை இரையை வீசி வீசி இழுக்கிறார்கள்; நடுப்பகலில் அது சரி, விடியலில் வீண்.

இவ்விடத்தில் வேறொரு மீனைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'பீக்காக் பாஸ்' என்று நம் இளைஞர்கள் கொண்டாடும் மீன், வாலில் மயிற்கண் போன்ற புள்ளி உடையது. பெயரில் பாஸ் இருந்தாலும் அமெரிக்கப் பாஸுக்கு அது உறவில்லை. அதன் தாயகம் தென்னமெரிக்கா, அமேசான் படுகை. நம் பால்மரத்துக்கும் அதுவே தாயகம். மரம் 1877 ஆம் ஆண்டு ஒன்பது கன்றுகளாக இதே பேராக்கில் கோலகங்சாருக்கு வந்து சேர்ந்தது. மீன் 1990 ஆம் ஆண்டுகளில் தூண்டில்காரர்களின் கைவழியே குட்டைகளுக்கு வந்தது. மரம் நமக்குச் சோறு போட்டது. மீனைப் பற்றி நமக்கு அவ்வளவு நல்லெண்ணம் இல்லை. பனாமா நாட்டின் காத்தூன் ஏரியில் 1960 ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் அது புகுந்து, சில ஆண்டுகளிலேயே அங்கிருந்த சிறு மீன் இனங்கள் பலவற்றைத் தின்று தீர்த்தது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 1984 ஆம் ஆண்டு அரசே அதனைக் கால்வாய்களில் விட்டது. ஆனால் அங்கே ஒரு கடிவாளம் இருக்கிறது: நீர் பதினைந்து பாகையளவு இறங்கினால் அந்த மீன் இறந்துவிடும். 2010 ஜனவரிக் குளிரில் பெருந்தொகையாக இறந்தது. வடக்கே பரவ வழியில்லை.

நம் குட்டையில் அந்தக் குளிர் எந்த ஆண்டும் வராது. ஆகவே கடிவாளம் தூண்டில்காரனின் கைதான். அகப்பட்டால் சட்டிக்குக் கொண்டுபோங்கள். குழம்புக்கு நல்ல சதைப்பற்றான மீன். போத்தலில் போட்டு வேறு குட்டைக்கு மட்டும் எடுத்துச் செல்லாதீர்கள். நம் மாணவர் ஒருவர் அப்படிச் செய்துவிட்டு நம்மிடம் பெருமையாகச் சொன்னார். அவரைக் கடிந்துகொண்டோம்; ஆனால் அந்தக் குட்டையிலிருந்து அதைத் திரும்ப எடுக்க நமக்கு வழி தெரியவில்லை.

விராலுக்கு வேறு நியாயம். நீர்ப்பரப்பில் கைக்குட்டை அளவு செம்மஞ்சள் நிறத்தில் ஏதோ கொதிப்பது போல் தெரிந்தால், அது விரால் குஞ்சுகள். தாயும் தந்தையும் அடியிலேயே காவல் நிற்கும். அங்கே எதை எறிந்தாலும், காலையானாலும் குளிரானாலும், அது பாய்ந்து கடிக்கும். பசியால் அல்ல, பிள்ளைக்காக. மிகச் சுலபமான வேட்டை அது. காவல் போன பிறகு அந்தக் குஞ்சுகளை மற்ற மீன்கள் விட்டுவைப்பதில்லை. அறுவைச் சிகிச்சை செய்தவருக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் விரால் சாறு கொடுக்கும் நம் வீடுகள், இந்த ஒன்றை விட்டுக்கொடுக்கலாம். துபா வேர் நஞ்சு கலப்பதும் மின்சாரம் பாய்ச்சுவதும் 1985 ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

கடைசியாக ஒன்று. சொல்லத் தயங்குகிறோம், ஆயினும் சொல்ல வேண்டும். போத்தல் சோதனைக்குப் போன அதே ஆண்டில், இரண்டாம் முறை போனபோது, ஒரு மாணவரின் தூண்டில் முள் நீருக்குள் கிடந்த கிளையில் சிக்கிக்கொண்டது. நேரமாகிறது, விரைவில் எடு என்று நாம்தான் சொன்னோம். அவர் கரையின் விளிம்பில் இறங்கினார். குட்டையின் கரை ஆற்றங்கரை போன்றதன்று. ஈயம் கழுவிய மணல். மேலே திடல் போலத் தோன்றும், அடியில் நீர் அரித்திருக்கும். இரண்டடிக்கு அப்பால் ஆள் ஆழம். மணல் ஒரு பாளமாகச் சரிந்தது. தாத்தா நின்ற இடத்திலிருந்தே தம் மூங்கிலை நீட்டினார், பிள்ளை பற்றிக்கொண்டது. இழுத்தோம். செருப்பு ஒன்று போயிற்று, வேறொன்றும் இல்லை. தாத்தா நம்மைத் திட்டவில்லை. "மீனு மெதுவா வர்ற நேரத்துல நாம ஓடுனோம் வாத்தியாரே" என்றார்.

அன்றுமுதல் எங்கள் பள்ளியில் ஒரு கட்டுப்பாடு உண்டு. குட்டைக்குத் தனியாகப் போவதில்லை. முள் சிக்கினால் கயிற்றை அறுத்துவிட வேண்டும். ஒரு முள் சில காசுதான். விளிம்பிலிருந்து ஒரு மூங்கில் நீளத்துக்கு இப்பால் நிற்க வேண்டும். மழை பெய்த மறுநாள் கரைப்பக்கமே போகலாகாது. பிள்ளைகள் இதனை முணுமுணுத்துக்கொண்டே கேட்கிறார்கள்.

தாத்தா இப்போது இல்லை. அவருடைய மூங்கில் நம் வகுப்பறைச் சுவரில் சாய்ந்திருக்கிறது. பிப்ரவரி முடிந்து பால்மரத்தில் செம்பு நிறத் தளிர் விட்டதும் மரம் வெட்டுக்குத் தயாராகும். பெற்றோர் வேலைக்குத் திரும்புவார்கள். பிள்ளைகள் தங்கள் தூண்டில்களைக் கொண்டுவந்து அந்த மூங்கிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். மாணவருக்கு எழுதிய மடலில், நண்பகலுக்குப் பிறகு போய்ப் பாருங்கள் என்று எழுதினோம். ஏப்ரல் மாதத்தில் ஒரு படம் வந்தது. கையில் ஒரு பாஸ். காலில் முழங்கால்வரை சப்பாத்து.